எந்த இயந்திரம் எந்தப் பெட்டியில்? தரவு மைய சர்வர் பராமரிப்புக்கு ஓர் அறிமுகம்

தரவு மையத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் முதல் வாரத்திலேயே ஒரு குழப்பத்தைச் சந்திப்பார். மேலாண்மைத் திரையில் 120 சர்வர்கள் ஓடிக்கொண்டிருப்பதாகப் பட்டியல் இருக்கும். கூடத்துக்குள் போய், சர்வர்களை அடுக்கி வைக்கும் அலமாரியான ரேக்கின் கதவைத் திறந்து எண்ணினால் 4 பெட்டிகள்தான் இருக்கும். திரையும் பொய் சொல்லவில்லை, ரேக்கும் பொய் சொல்லவில்லை. அந்த 120 சர்வர்களும் இந்த 4 பெட்டிகளுக்குள் மென்பொருளாக ஓடுகின்றன. கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பெட்டியைப் பௌதிக சர்வர் என்றும், அதற்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்டதை மெய்நிகர் சர்வர் அல்லது மெய்நிகர் இயந்திரம் என்றும் சொல்கிறோம். (சேவையகம், வழங்கி ஆகிய தமிழ்ச் சொற்களும் புழக்கத்தில் உள்ளன, பணியிடத்தில் எல்லோர் வாயிலும் வருவது சர்வர்தான் என்பதால் இங்கும் அதையே வைத்துக்கொள்கிறேன்.)

இவற்றைப் பராமரிப்பது இரண்டு தனித்தனி வேலைகள் என்றே முதலில் தோன்றும். பல நிறுவனங்களில் அதற்கு இரண்டு தனிக் குழுக்கள் இருப்பதும் உண்டு. ஆனால் வேலையின் கடினமான பகுதி இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. இந்த நொடியில் எது எதன்மேல் நிற்கிறது, அடியில் உள்ளது விழுந்தால் மேலே எவையெல்லாம் சேர்ந்து விழும் என்பதை எப்போதும் அறிந்து வைத்திருக்க வேண்டும். இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போகிறது.

பெட்டியின் பக்கம்

ரேக்கில் பொருத்தும் கருவிகளின் முகப்பு அகலம் 19 அங்குலம். உயரத்தை யூ என்ற அலகால் அளப்பார்கள். 1 யூ என்பது 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். பரவலாகக் காணப்படும் ரேக் 42 யூ உயரம் கொண்டது. ஆகவே ஒரு சர்வரின் இருப்பிடத்தை ‘3ஆம் வரிசை, 7ஆம் ரேக், 18ஆம் யூ’ என்பதுபோல் குறித்து வைப்பார்கள். இந்த இருப்பிடம், பெட்டியின் தொடர் எண், அதன் எந்த நெட்வொர்க் போர்ட் எந்த ஸ்விட்சின் (நெட்வொர்க் கம்பிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவி) எந்தப் போர்ட்டுக்குப் போகிறது, எந்த மின்கம்பி எந்த மின்வழியில் செருகப்பட்டிருக்கிறது ஆகிய எல்லாமே ஒரே பதிவேட்டில் இருக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் நள்ளிரவில் ஒரு பெட்டி நின்றுபோகும்போது, அந்தப் பதிவேடு நேற்றுவரை திருத்தப்பட்டதா, ஆறு மாதம் பழையதா என்பதைப் பொறுத்துத்தான் பழுதுபார்ப்பு நிமிடங்களில் முடியுமா மணிக்கணக்கில் நீளுமா என்பது தீர்மானமாகும்.

மின்சாரத்தில் ஒரு கணக்கு உண்டு. இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் பலவும் தானாகப் புரியும். சர்வரில் பொதுவாக 2 மின்வழங்கிகள் இருக்கும். ஒன்றை ‘ஏ’ மின்வழியிலும் மற்றொன்றை ‘பி’ மின்வழியிலும் செருகுவார்கள். இரண்டும் சுமையை ஏறத்தாழப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும். ஒரு வழி அறுந்தால் மற்றது முழுச் சுமையையும் ஏற்கும் என்பதுதான் ஏற்பாடு. இப்போது ரேக்கின் இரண்டு மின்வழிகளும் தத்தம் கொள்ளளவில் 60 சதவீதச் சுமையில் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அளவுமானியில் பச்சை நிறம்தான் தெரியும், எல்லாம் நலம் என்றே தோன்றும். ‘ஏ’ அறுந்த கணத்தில் ‘பி’யின்மேல் 120 சதவீதம் வந்து விழும், அதன் காப்பு ஸ்விட்சும் துண்டித்துக்கொள்ளும், ரேக் முழுவதும் இருண்டுவிடும். மாற்றுவழி இருக்கிறது என்று நம்பிய இடத்தில் உண்மையில் ஒரு வழிகூட மிஞ்சாது. இரட்டை ஏற்பாடு என்றால் ஒவ்வொன்றையும் பாதிக்கும் கீழே வைத்திருக்க வேண்டும்.

சர்வர் உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. முகப்பு வழியாகக் குளிர்காற்று உள்ளே போய்ப் பின்புறம் வெப்பக்காற்று வெளியே வரும். அதனால்தான் ரேக் வரிசைகளை முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு என்று நிறுத்தி, குளிர்ச் சந்து, வெப்பச் சந்து என்று பிரிக்கிறார்கள். உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்பது ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் அமைப்பின் பரிந்துரை. கூடம் குளிர்ப்பெட்டிபோல் உறைந்திருக்க வேண்டும் என்ற பழைய நம்பிக்கை மின்கட்டணத்தை ஏற்றுவதற்கே உதவும். ரேக்கில் காலியாக உள்ள இடங்களை மூடித் தகடு வைத்து அடைப்பது மலிவான வேலை, அதனாலேயே பலரும் மறந்துவிடும் வேலை. அடைக்காவிட்டால் பின்புற வெப்பக்காற்று அந்த ஓட்டை வழியாக முன்புறம் திரும்பி வந்து பக்கத்துப் பெட்டியின் மூக்கில் ஏறும்.

ஒவ்வொரு பௌதிக சர்வரின் தாய்ப்பலகையிலும் இன்னொரு குட்டிக் கணினி இருக்கிறது. பிஎம்சி என்று அதன் சுருக்கப் பெயர்; டெல் நிறுவனத்தின் பெட்டிகளில் ஐடிராக் என்றும் ஹெச்பிஇ பெட்டிகளில் ஐலோ என்றும் அழைக்கப்படுவது இதுவே. சர்வர் அணைந்திருந்தாலும் மின்கம்பி செருகியிருக்கும் வரை இது விழித்திருக்கும். தனி நெட்வொர்க் போர்ட் வழியாக இதற்குள் நுழைந்து சர்வரை இயக்கலாம், அணைக்கலாம், அதன் திரையைத் தொலைவிலிருந்து பார்க்கலாம், இயங்குதள நிறுவல் கோப்பை ஏற்றலாம், வெப்பநிலையும் விசிறி வேகமும் படிக்கலாம். 1998இல் வந்த ஐபிஎம்ஐ என்ற நெறிமுறையும், அதன் இடத்தைப் பிடித்துவரும், 2015இல் வெளியான ரெட்ஃபிஷ் நெறிமுறையும் இதனுடன் பேசப் பயன்படுகின்றன. இவ்வளவு அதிகாரம் உள்ள கதவைப் பொது இணையத்தில் திறந்து வைப்பதும், தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவதும் வீட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவதற்குச் சமம். பிஎம்சிக்கென்று தனி நெட்வொர்க், அதற்குள் நுழைய ஓர் இடைக்கணினி என்பதே முறை.

பெட்டியில் அடிக்கடி பழுதாவது டிஸ்க். மாற்றுவதும் எளிது: திரையில் பழுதான டிஸ்க்கைத் தேர்ந்து அடையாள விளக்கை எரியவிட்டு, கூடத்துக்குப் போய் விளக்கு மின்னும் டிஸ்க்கை உருவி, புதியதைச் செருக வேண்டும். இந்த எளிய வேலையில்தான் விபத்தும் நடக்கிறது. நான் பணியாற்றிய ஓரிடத்தில் 3ஆம் எண் டிஸ்க் பழுது என்று திரை சொன்னது. சக ஊழியர் ஒருவர் அடையாள விளக்கைப் போடாமல், இடமிருந்து 1, 2, 3 என்று எண்ணி உருவினார். அந்தப் பெட்டியில் எண்கள் 0இலிருந்து தொடங்கின. அவர் உருவியது நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிஸ்க். ரெய்டு என்பது ஒரு டிஸ்க் போனாலும் தரவு பிழைக்கும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்து அமைப்பது. அங்கே இருந்த ரெய்டு 5 அமைப்பு ஒரு டிஸ்க் இழப்பைத் தாங்கும், இரண்டைத் தாங்காது. அன்று மாலை முழுவதும் பேக்கப்பிலிருந்து தரவை மீட்டுக்கொண்டிருந்தோம்.

டிஸ்க்கைப் பற்றி இன்னொன்று. பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஃபர்ம்வேர் என்ற உள்மென்பொருள் உண்டு, அதற்கும் திருத்தங்கள் வரும். 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் தனது குறிப்பிட்ட சில எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) வகைகள் 32,768 மணி நேரம் இயங்கியதும் செயலிழந்து, தரவையும் மீட்க முடியாமல் போகும் என்று அறிவித்து அவசரத் திருத்தம் வெளியிட்டது. 32,768 மணி என்பது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். கணினிக்காரர்களுக்கு அது 2இன் 15ஆம் அடுக்கு என்று பார்த்தவுடன் தெரியும். ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் இயக்கிய டிஸ்க்குகள் ஒரே நேரத்தில்தான் அந்த எண்ணைத் தொடும் என்பதை எண்ணிப் பாருங்கள். ரெய்டு ஏற்பாடு டிஸ்க்குகள் வெவ்வேறு நாளில் சாகும் என்ற அனுமானத்தில் கட்டப்பட்டது. அந்த அனுமானமே இங்கே உடைகிறது. ஃபர்ம்வேர் அறிவிப்புகளைப் படிப்பது ஏன் பராமரிப்பின் பகுதி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

மென்பொருளால் ஆன பெட்டி

ஒரே பெட்டிக்குள் பல சர்வர்களை ஓட்டும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். அது ஓடும் பெட்டி ஹோஸ்ட்; அதன்மேல் ஓடும் மெய்நிகர் இயந்திரம் கெஸ்ட். ஒவ்வொரு கெஸ்டும் தனக்கென்று பிராசசரும் நினைவகமும் டிஸ்க்கும் நெட்வொர்க் அட்டையும் இருப்பதாக நம்பி, தன் சொந்த இயங்குதளத்தை ஓட்டும். டிஸ்க் என்று அது நம்புவது சேமிப்பகத்தில் உள்ள ஒரு பெரிய கோப்பு. அதன் நெட்வொர்க் அட்டை போய்ச் சேர்வது ஹைப்பர்வைசருக்குள் மென்பொருளாக உள்ள ஒரு ஸ்விட்சில். அதன் பிராசசர் என்பது உண்மையான கோர்களில் (பிராசசருக்குள் இருக்கும் தனித்தனிக் கணிப்பு அலகுகள்) அதற்குக் கிடைக்கும் நேரத் துண்டுகள்.

கருத்து புதிதன்று. ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே தன் பெருங்கணினிகளில் இதைச் செய்து பார்த்து, 1972இல் விஎம்/370 என்ற பெயரில் வெளியிட்டது. இன்றைய சர்வர்களில் உள்ள எக்ஸ்86 வகைப் பிராசசர்கள் இதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல என்பதால் அங்கே வந்து சேரத் தாமதமானது. 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம் மென்பொருள் உத்திகளால் அந்தத் தடையைத் தாண்டியது. 2005இல் இன்டெலும் 2006இல் ஏஎம்டியும் பிராசசருக்குள்ளேயே அதற்கான வசதியைச் சேர்த்தன. 2007இல் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பகுதியானது. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி, கேவிஎம்மை அடித்தளமாகக் கொண்ட ப்ராக்ஸ்மாக்ஸ் ஆகியவையும் பரவலாக உள்ளன. பெயர்கள் வேறானாலும் பராமரிப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றே.

எல்லாவற்றையும் மெய்நிகராக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பெட்டியின் முழுத் திறனையும் விழுங்கும் பெரிய தரவுத்தளம், கோர் எண்ணிக்கைக்கு உரிமக் கட்டணம் வாங்கும் மென்பொருள், சிறப்பு வன்பொருள் அட்டை தேவைப்படும் பணி ஆகியவற்றைத் தனிப் பெட்டியில் வைப்பதற்கு நியாயம் உண்டு. பேக்கப் சர்வரையும் நான் அந்தப் பட்டியலில் சேர்ப்பேன். காரணம் பின்னால் வருகிறது.

இருப்பதும் எஞ்சுவதும்

தொடக்கத்தில் சொன்ன 4 பெட்டிகளுக்குத் திரும்புவோம். ஒவ்வொன்றிலும் 2 பிராசசர், பிராசசருக்கு 32 கோர், மொத்த நினைவகம் 512 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். நான்கையும் ஒரு கிளஸ்டராக இணைத்தால் 256 கோர்களும் 2,048 ஜிபி நினைவகமும் கிடைக்கின்றன. 120 மெய்நிகர் இயந்திரங்களுக்கும் சேர்த்து 1,700 ஜிபி நினைவகம் ஒதுக்கியிருக்கிறோம். 83 சதவீதம்தான் பயன்பாடு, இன்னும் இடம் இருக்கிறது என்று திரை சொல்கிறது.

ஒரு பெட்டி விழட்டும். எஞ்சுவது 3 பெட்டி, 1,536 ஜிபி. 164 ஜிபி குறைகிறது. சராசரியாகப் பார்த்தால் 12 இயந்திரங்களுக்கு எழுந்து நிற்க இடமில்லை. இருப்பதைவிடக் கூடுதலாக நினைவகத்தை வாக்களிக்கும் உத்தியை அனுமதித்திருந்தால் அவை எழக்கூடும், ஆனால் டிஸ்க்கை நினைவகமாகப் பயன்படுத்தி ஊர்ந்து நகரும். பழுது என்று ஒன்று வராவிட்டாலும்கூட, பராமரிப்புக்காக ஒரு பெட்டியைக் காலி செய்யவே இங்கே முடியாது. மின்வழிகளில் பார்த்த அதே கணக்குதான் இது: இருக்கும் கொள்ளளவைப் பார்த்து இடம் ஒதுக்கக்கூடாது, ஒன்று போனபின் எஞ்சும் கொள்ளளவைப் பார்த்தே ஒதுக்க வேண்டும். 4 பெட்டிக் கிளஸ்டருக்கு நினைவக வரம்பு 75 சதவீதத்துக்குக் கீழே. ஹைப்பர்வைசர் தனக்கு எடுத்துக்கொள்வதையும் கழித்தால் 70 என்று வைப்பது நிம்மதி. 2 பெட்டிக் கிளஸ்டர் என்றால் வரம்பு 50க்கும் கீழே இறங்கிவிடும்.

பிராசசர் விஷயத்தில் கை தாராளமாக இருக்கலாம். பெரும்பாலான சர்வர்கள் பெரும்பாலான நேரம் சும்மா இருப்பதால் 256 கோர்களின்மேல் 600, 700 மெய்நிகர் கோர்களைக்கூடக் கொடுக்க முடிகிறது. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் வரிசையில் நிற்க வேண்டும். கெஸ்டின் உள்ளே காட்டும் பயன்பாட்டு அளவை மட்டும் பார்த்தால் அந்தக் காத்திருப்பு தெரியாது. பயன்பாடு 40 சதவீதம்தான் என்று உள்ளே காட்டும், ஆனால் அதில் ஓடும் விண்ணப்ப மென்பொருளோ மெதுவாக ஓடும். காரணம் ஹோஸ்டின் பக்கம் இருக்கிறது. விஎம்வேரில் இதை ‘ரெடி’ நேரம் என்ற அளவையிலும், லினக்ஸ் கெஸ்டில் ‘ஸ்டீல்’ என்ற அளவையிலும் பார்க்கலாம். மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்தவுடன் கூடுதல் மெய்நிகர் கோர்களைக் கொடுப்பது பலருக்கும் முதலில் தோன்றும் மருந்து. நெரிசலான ஹோஸ்டில் அது வரிசையை இன்னும் நீளமாக்கும். சில சமயம் 16ஐ 8ஆகக் குறைத்தபின் வேகம் கூடியதைப் பார்த்து விண்ணப்பக் குழுவினர் நம்ப மறுத்திருக்கிறார்கள்.

இன்னொரு நுணுக்கம். மேற்சொன்ன பெட்டியில் 512 ஜிபி நினைவகமும் ஒரே குவியலாக இல்லை. ஒவ்வொரு பிராசசருக்கும் அருகில் 256 ஜிபி என்று பிரிந்திருக்கிறது. தன் பக்கத்து நினைவகத்தை எட்டுவதைவிட மற்றப் பிராசசரின் பக்கத்தில் உள்ளதை எட்ட நேரம் கூடுதலாகும். எனவே 300 ஜிபி கொண்ட ஒற்றை மெய்நிகர் இயந்திரம் இரண்டு பக்கமும் பரவி, எதிர்பார்த்த வேகத்தைத் தராமல் போகலாம். மெய்நிகர் இயந்திரத்தின் அளவை முடிவு செய்பவர் அடியில் உள்ள இரும்பின் வடிவத்தைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

சேமிப்பகத்திலும் வாக்களிப்பு உண்டு. 60 டிபி உள்ள இடத்தில் மெய்நிகர் டிஸ்க்குகளுக்கு 100 டிபி வரை வாக்களித்துவிட்டு, எழுதப்படும் அளவுக்கு மட்டும் இடம் ஒதுக்குவது வழக்கமான முறைதான். ஆனால் நிஜமான 60 டிபி நிரம்பும் கணத்தில் பாதிக்கப்படுவது ஓர் இயந்திரம் மட்டுமன்று. அதன்மேல் எழுத முயலும் எல்லாமே நின்றுவிடும். இங்கே எச்சரிக்கை மணி 95 சதவீதத்தில் அடித்துப் பயனில்லை. புதிய டிஸ்க் வாங்கி வந்து சேர எத்தனை வாரம் ஆகும் என்பதைப் பார்த்து மணியை அதற்கேற்ப முன்னால் வைக்க வேண்டும்.

நகர்வதும் விழுவதும்

ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரத்தை நிறுத்தாமலே ஒரு ஹோஸ்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தலாம். முதன்முறை பார்ப்பவருக்கு இது வித்தைபோல் இருக்கும், நடப்பது இதுதான். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நினைவகப் பக்கங்கள் நெட்வொர்க் வழியாகப் புதிய ஹோஸ்டுக்கு நகலெடுக்கப்படுகின்றன. நகலெடுக்கும் நேரத்தில் சில பக்கங்கள் மாறியிருக்கும். மாறியவை மட்டும் மீண்டும் அனுப்பப்படுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் பாக்கி குறைந்துகொண்டே வந்து மிகச் சிறிதானதும், இயந்திரம் ஒரு கணம் நிறுத்தப்பட்டு, மிச்சமும் பிராசசரின் நிலையும் அனுப்பப்பட்டு, புதிய ஹோஸ்டில் அது கண் விழிக்கிறது. அந்த இடைவெளி பொதுவாக ஒரு நொடிக்கும் குறைவு. டிஸ்க் கோப்பு இரு ஹோஸ்டுகளும் எட்டக்கூடிய பொதுச் சேமிப்பகத்தில் இருந்தால் அது நகரத் தேவையே இல்லை. ஒரு கட்டுப்பாடு உண்டு: இரு பக்கமும் இணக்கமான பிராசசர்கள் இருக்க வேண்டும். இன்டெல் பெட்டியிலிருந்து ஏஎம்டி பெட்டிக்கு ஓடும் நிலையிலேயே நகர்த்த முடியாது. அணைத்துத்தான் நகர்த்த வேண்டும்.

இதையும் உயர் கிடைப்பு என்ற ஏற்பாட்டையும் புதியவர்கள் ஒன்றாக நினைத்துக்கொள்வதுண்டு. நகர்த்துவதற்குப் பழைய ஹோஸ்ட் உயிரோடு இருக்க வேண்டும். ஹோஸ்ட் திடீரென்று செத்துவிட்டால் நினைவகத்தில் இருந்ததும் அதனோடு போய்விடும், நகர்த்த எதுவும் இல்லை. உயர் கிடைப்பு செய்வது, செத்த ஹோஸ்டில் இருந்த இயந்திரங்களை எஞ்சியவற்றில் மறுபடி தொடங்கி வைப்பது மட்டுமே. பயனர்களுக்குச் சில நிமிடத் தடை நிச்சயம். அந்தத் தடையும் கூடாது என்றால், விண்ணப்பமே இரண்டு இயந்திரங்களில் இணையாக ஓடும்படி அமைத்திருக்க வேண்டும். அந்த இரண்டும் ஒரே பெட்டியில் போய் உட்காராமல் தடுக்கும் விதியையும் எழுத வேண்டும். இவ்விதியை எழுதாமல் விட்டால், சுமையைச் சமன்செய்யும் மென்பொருள் என்றோ ஒருநாள் இரண்டையும் ஒரே பெட்டிக்கு நகர்த்திவிடும். யாருக்கும் தெரியாது, அந்தப் பெட்டி விழும்வரை.

ஹோஸ்ட் செத்துவிட்டது என்று யார் முடிவு செய்வது? இக்கேள்வி தோற்றத்தைவிட ஆழமானது. இரண்டு ஹோஸ்டுகளுக்கு இடையே உள்ள நெட்வொர்க் மட்டும் அறுந்தால், இரண்டுமே மற்றது இறந்துவிட்டதாக நினைக்கும். இரண்டும் ஒரே மெய்நிகர் இயந்திரத்தைத் தொடங்கி, ஒரே டிஸ்க் கோப்பில் எழுதத் தொடங்கினால் தரவு சிதைந்துவிடும். அதனால்தான் பெரும்பான்மை வாக்கு என்ற விதி வந்தது: கிளஸ்டரின் பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்களோடு தொடர்பில் உள்ள பக்கம் மட்டுமே தொடர்ந்து ஓடலாம். இரட்டைப்படை எண்ணிக்கையில் வாக்கு சமமாகிவிடக்கூடும் என்பதால், 2 பெட்டிக் கிளஸ்டருக்கு மூன்றாவதாக ஒரு சிறு சாட்சி இயந்திரத்தை வேறிடத்தில் வைக்கிறார்கள். சில அமைப்புகள் ஒரு படி மேலே போய், சந்தேகத்துக்குரிய ஹோஸ்டை அதன் பிஎம்சி வழியாக மின்சாரத்தையே துண்டித்து அணைத்துவிட்ட பிறகுதான் அதன் இயந்திரங்களை வேறிடத்தில் தொடங்கும்.

பராமரிப்பு நாள் இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றையும் ஒருசேரப் பயன்படுத்தும் நாள். ஒரு ஹோஸ்டைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றினால் அதன் மெய்நிகர் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக மற்றவற்றுக்கு நகர்ந்துவிடும். காலியான பெட்டியில் ஃபர்ம்வேரையும் ஹைப்பர்வைசரையும் புதுப்பித்து மறுதொடக்கம் செய்து, நலமாக இருக்கிறதா என்று சோதித்து, பராமரிப்பு நிலையிலிருந்து வெளியே கொண்டுவந்து, பிறகு அடுத்த பெட்டி. அவசரப்பட்டு இரண்டை ஒன்றாகச் செய்யக்கூடாது. நினைவகம் அதிகமுள்ள சர்வர்கள் இயங்குதளத்தை ஏற்றுவதற்கு முன்பே சில நிமிடங்கள் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டிருக்கும். புதியவர்கள் தொங்கிவிட்டது என்று நினைத்து மின்சாரத்தைப் பிடுங்கிவிடுவது இந்த நேரத்தில்தான். பிஎம்சி வழியாகத் திரையைத் திறந்து வைத்துப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பிராசசர் குறைபாடுகள் வெளிச்சத்துக்கு வந்து உலகெங்கும் ஹோஸ்டுகளை மறுதொடக்கம் செய்ய வேண்டியிருந்தபோது, ஒரு பெட்டியளவு இடத்தை எப்போதும் காலியாக வைத்திருந்தவர்கள் பயனர்களுக்குத் தெரியாமலே அதை முடிக்க முடிந்தது.

நகல் எது, பேக்கப் எது

ஸ்னாப்ஷாட் (இயந்திரத்தின் அந்தக் கணத்து நிலையைப் பிடித்து வைப்பது) எடுத்து வைத்திருக்கிறோம், கவலை இல்லை என்பார்கள். ஸ்னாப்ஷாட் எடுத்த கணம் முதல் பழைய டிஸ்க் கோப்பு உறைந்துவிடும். அதற்குப்பின் எழுதப்படும் மாற்றங்கள் பக்கத்தில் இன்னொரு கோப்பில் சேரும். அதாவது ஸ்னாப்ஷாட் பழைய கோப்பை நம்பியே நிற்கிறது. சேமிப்பகம் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். புதுப்பிப்புக்கு முன் எடுத்து, மறுநாள் எல்லாம் சரியென்று கண்டதும் நீக்கிவிட வேண்டிய பொருள் அது. மறந்து மாதக்கணக்கில் விட்டால் மாற்றக் கோப்பு வீங்கிக்கொண்டே போய், மேலே சொன்ன 60 டிபியை நிரப்பும் வேலையை அதுவே செய்து முடிக்கும். ரெய்டும் பேக்கப் ஆகாது. ஒருவர் தவறுதலாக நீக்கிய கோப்பை ரெய்டு எல்லா டிஸ்க்குகளிலிருந்தும் உடனடியாகவும் உண்மையாகவும் நீக்கும்.

பேக்கப் என்பது வேறு கருவியில், வேறு இடத்தில், மூலம் அழிந்தாலும் தனித்து நிற்பது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்து எஸ்பிஜி2 என்ற கட்டடம் முற்றாக எரிந்தது. பேக்கப்பை அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலர் மூலத்தையும் நகலையும் ஒரே நாளில் இழந்தார்கள். மெய்நிகர் இயந்திரத்தின் ஒதுக்கீட்டுப் பட்டியலில் ‘கட்டடம்’ என்று ஒரு கட்டம் இருப்பதில்லை. ஆனால் எது எதன்மேல் நிற்கிறது என்ற சங்கிலி கட்டடம் வரை, அதற்கும் கீழே நிலம் வரை போகிறது. பேக்கப் சர்வரைக் கிளஸ்டருக்கு வெளியே தனிப் பெட்டியில் வைக்கச் சொன்னதும் இதனால்தான்: கிளஸ்டர் முழுவதும் விழுந்த நாளில் அதை எழுப்பப் போகும் கருவி அந்தக் கிளஸ்டருக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கக்கூடாது. மீட்டுப் பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்; மாதம் ஒரு இயந்திரத்தையாவது தனி நெட்வொர்க்கில் மீட்டு, உள்ளே நுழைந்து, தரவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேட்பாரற்றவை

பௌதிக சர்வர் வாங்க ஒப்புதல், கொள்முதல், பொருத்துதல் என்று வாரங்கள் ஆகும். மெய்நிகர் சர்வர் 5 நிமிடத்தில் பிறந்துவிடும். அதனாலேயே அவை பெருகும். சோதனைக்காக ஒருவர் கேட்ட இயந்திரம், அவர் வேலையை விட்டுப் போன பிறகும் நினைவகத்தையும் உரிமக் கட்டணத்தையும் தின்றுகொண்டு, பாதுகாப்புத் திருத்தம் எதுவும் பெறாமல் ஓடிக்கொண்டிருக்கும். உருவாக்கும் படிவத்திலேயே பொறுப்பாளர் பெயரையும் காலாவதித் தேதியையும் கட்டாயமாக்குவது சிறந்த தடுப்பு. பொறுப்பாளர் தெரியாத பழையவற்றுக்கு ஒரு வழி உண்டு: முதலில் நெட்வொர்க்கை மட்டும் துண்டித்துவிட்டு யாராவது கூச்சலிடுகிறார்களா என்று இரண்டு வாரம் காத்திருப்பது, பிறகு அணைப்பது, ஒரு மாதம் கழித்துக் கடைசி பேக்கப் எடுத்துக்கொண்டு நீக்குவது. ஆண்டுக்கொருமுறை மட்டும் ஓடும் கணக்குமுடிப்பு இயந்திரங்கள் இந்த வலையில் சிக்கிவிடும் என்பதால் அந்தக் கடைசி பேக்கப்பை ஓர் ஆண்டுக்கு மேல் வைத்திருப்பது நல்லது. பௌதிகப் பெட்டியை விடைகொடுத்து அனுப்பும்போது டிஸ்க்கைப் பாதுகாப்பாக அழிப்பதும் பதிவேட்டில் கோடு போடுவதும் சேர்ந்துகொள்ளும்.

எல்லாம் அணைந்த பிறகு

கூடம் முழுவதும் மின்சாரம் இழந்து மீண்டும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 ஹோஸ்டுகளும் எழுகின்றன. அவை தம் சேமிப்பகத்தைப் பெயரால் தேடுகின்றன. பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர் ஒரு மெய்நிகர் இயந்திரம், அதன் டிஸ்க் கோப்பு அந்தச் சேமிப்பகத்துக்குள் இருக்கிறது. மேலாண்மைத் திரையைத் திறக்கலாம் என்றால் அந்த மேலாண்மை சர்வரும் ஒரு மெய்நிகர் இயந்திரம். ஹோஸ்டுக்குள் நேரடியாக நுழையலாம் என்றால் கடவுச்சொற்கள் இருக்கும் பெட்டக மென்பொருள் இன்னொரு மெய்நிகர் இயந்திரம். சாவி பெட்டிக்குள், பெட்டி பூட்டிக் கிடக்கிறது. பல ஆண்டுகளாக நன்றாக ஓடிய அமைப்பில் இந்த வட்டம் இருப்பது யார் கண்ணிலும் பட்டிருக்காது, ஏனென்றால் எல்லாம் ஒருசேர அணைந்த நாள் அதுவரை வந்திருக்காது.

வட்டத்தை வெட்டுவது கடினமன்று. டிஎன்எஸ், நேரம் காட்டும் சர்வர், பயனர் அடையாளம் சரிபார்க்கும் சர்வர் ஆகியவற்றில் தலா ஒன்றையாவது கிளஸ்டருக்கு வெளியே தனிப் பெட்டியிலோ வேறு தளத்திலோ வைக்க வேண்டும். சேமிப்பகத்தைப் பெயரால் அன்றி எண் முகவரியால் ஹோஸ்டுகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். மேலாண்மை சர்வர் எந்த ஹோஸ்டில் எழும் என்று தேடித் திரியாமலிருக்க, அதை ஒன்றிரண்டு குறிப்பிட்ட ஹோஸ்டுகளிலேயே இருக்கும்படி விதி எழுத வேண்டும். பிறகு எழுப்பும் வரிசை: முதலில் ஸ்விட்சுகள், அடுத்து சேமிப்பகம், அது முழுமையாகத் தயாரான பின் ஹோஸ்டுகள், பிறகு டிஎன்எஸ்ஸும் அடையாளச் சர்வரும், பிறகு தரவுத்தளங்கள், கடைசியாக விண்ணப்பங்கள். இந்த வரிசையை, பிஎம்சி முகவரிகளோடும், எந்த முக்கிய இயந்திரம் எந்த ஹோஸ்டில் இருக்கும் என்ற குறிப்போடும், காகிதத்தில் அச்சிட்டு ரேக் கதவின் உட்புறம் ஒட்டிவைக்கிறோம். அவசரகாலக் கடவுச்சொல் மட்டும் அதில் இராது. அது மூடி முத்திரையிட்ட உறையில் வேறு அறையில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். காகிதத்தின் மேல்மூலையில் அச்சிட்ட தேதி உண்டு. 3 மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால், கூடத்துக்குள் முதலில் நுழைபவர் அதைக் கிழித்துவிட்டுப் புதிய அச்சை ஒட்ட வேண்டும்.